வீட்டில் சொல்லக் கூடாத சொல்

பிலிப்பைன்ஸின் மணிலா நகரில் பகும்பாயன் திடல். 1872 பிப்ரவரி 17. கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களை ஸ்பானிய அரசு கழுத்தை இறுக்கும் கருவியில் உட்காரவைத்துக் கொன்றது. கவீத்தே ஆயுதக் கிடங்கில் சிப்பாய்கள் செய்த கலகத்துக்கு இவர்கள்தான் தூண்டுதல் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அவர்கள் கேட்டுவந்தது ஒன்றுதான்: இந்த மண்ணில் பிறந்த பாதிரியார்களுக்கும் பங்குக் கோயில்களைக் கொடுங்கள்.

செய்தி லகூனா ஏரிக்கரையில் உள்ள காலம்பா ஊருக்கு வந்தது. அங்கே பிரான்சிஸ்கோ மெர்காடோ என்ற குத்தகை விவசாயி தன் வீட்டில் மூன்று சொற்களுக்குத் தடை போட்டார். கவீத்தே, புர்கோஸ், ஃபிலிபுஸ்டெரோ. யாரும் வாயைத் திறந்து இவற்றைச் சொல்லக் கூடாது. அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. மூத்த மகன் பாசியானோ, புர்கோஸின் மாணவன். மணிலாவில் அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தவன்.

மூன்றாவது சொல்லை இளைய மகன் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான். அவனுக்கு வயது 10. பெயர் ஹொசே ரிசால். அந்தச் சொல்லின் பொருளைப் பின்னாளில் தன் ஆஸ்திரிய நண்பர் புளூமென்ட்ரிட்டுக்குக் கடிதத்தில் விளக்கினார்: கூடிய சீக்கிரம் தூக்கில் தொங்கப்போகிற ஆபத்தான தேசபக்தன். ஒருவன் மேல் அந்தப் பெயர் விழுந்துவிட்டால் போதும், பிறகு விசாரணை என்பது சடங்குதான்.

அதே காலத்தில் அந்த வீட்டில் இன்னோர் இடியும் விழுந்தது. தாய் தியோடோரா அலோன்சோவைக் கைது செய்தார்கள். தன் தம்பி மனைவிக்கு விஷம் வைக்கப் பார்த்தார் என்று பொய் வழக்கு. கார்டியா சிவில் என்ற காவல் படையின் ஊர் அதிகாரிக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பழைய கோபம். அவன் குதிரைக்குத் தீவனம் கொடுக்க மெர்காடோ மறுத்திருந்தார். தியோடோராவை வண்டியில் ஏற்றவில்லை. காலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகர் சாந்தா குரூஸ் வரை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நடத்தியே கூட்டிப்போனார்கள். வழியில் உள்ள ஊர்களெல்லாம் பார்த்தன. பிறகு இரண்டரை ஆண்டு சிறை. அந்த நடையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து 1882-இல் ரிசால் மருத்துவம் படிக்க ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார். 1884 ஜனவரியில் மாட்ரிட்டில் இருந்த பிலிப்பைன்ஸ் இளைஞர்களிடம் ஒரு யோசனை சொன்னார்: எல்லாரும் சேர்ந்து நம் நாட்டைப் பற்றி ஒரு நாவல் எழுதுவோம். அமெரிக்க அடிமைகளின் வாழ்வை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் நாவலை அவர் படித்திருந்தார். ஒரு கதை ஒரு தேசத்தை எப்படி உலுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பர்கள் தலையாட்டினார்கள். காரியம் பேச்சோடு நின்றது. ரிசால் தனியாகவே எழுத உட்கார்ந்தார்.

ஏன் நாவல்? மனு எழுதிய மூன்று பாதிரியார்களின் கதி கண்முன்னே இருந்தது. உள்ளூரில் அச்சாகும் ஒவ்வொரு வரிக்கும் தணிக்கை. இதையெல்லாம் விட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று நான் நினைக்கிறேன். மனு ஆட்சியாளனைப் பார்த்துப் பேசுகிறது. முடியாது என்று அவன் சொல்லிவிட்டால் மனு செத்துப்போகிறது. நாவல் பேசுவது அவனிடம் அல்ல. பக்கத்துத் தெருவில் இதே அநியாயத்தைத் தனியாக அனுபவித்துக்கொண்டிருக்கிறவனிடம் அது பேசுகிறது.

நாவலின் பெயர் 'நோலி மே டாங்கெரே'. லத்தீன் பைபிளில் யோவான் நற்செய்தியில் வரும் தொடர். என்னைத் தொடாதே என்று பொருள். தொட்டாலே வலியெடுக்கும் புற்றைத்தான் திறந்து காட்டப்போகிறேன் என்று முன்னுரையில் சொல்லிவிடுகிறார். ரிசால் கண் மருத்துவர். நோயை மூடி வைத்துக் குணப்படுத்த முடியாது என்று தொழிலிலேயே கற்றவர்.

கதை சான் டியேகோ என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. ஐரோப்பாவில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு இபார்ரா என்ற இளைஞன் ஊர் திரும்புகிறான். அப்பா சிறையில் இறந்துபோனது அப்போதுதான் தெரிகிறது. பங்குச் சாமியார் டாமாசோவின் உத்தரவில் அப்பாவின் உடலைத் தோண்டி எடுத்து, ஏரியில் எறிந்திருக்கிறார்கள். ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்பதுதான் இபார்ராவின் ஆசை. அவன் செய்யாத ஒரு கலகத்துக்கு அவனையே தலைவனாக்கி, ஃபிலிபுஸ்டெரோ என்ற பட்டம் கட்டி, வேட்டையாடுகிறார்கள். வீட்டில் தடைசெய்யப்பட்ட அந்தச் சொல், நாவலில் பக்கத்துக்குப் பக்கம் உரக்க ஒலிக்கிறது.

ஆனால் இந்த நாவலின் உயிர் இபார்ராவிடம் இல்லை. சிசாவிடம் இருக்கிறது.

சிசா ஓர் ஏழைத் தாய். கணவன் சூதாடி. மகன்கள் பசிலியோவும் கிறிஸ்பினும் கோயிலில் மணியடிக்கும் சிறுவர்கள். மாதம் இரண்டு பெசோ சம்பளம். இளையவன் கிறிஸ்பின் மேல் இரண்டு தங்கக் காசு திருடினான் என்ற பழி விழுகிறது. அதன் மதிப்பு 32 பெசோ. பிள்ளைகள் வருவார்கள் என்று சிசா அன்று இரவு கருவாடும், கிறிஸ்பினுக்குப் பிடிக்கும் என்று தக்காளியும் எடுத்து வைத்திருக்கிறாள். கணவன் வந்து கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகிறான். மிச்சமிருந்த சின்ன மீன்களைக் கொண்டு அவள் மறுபடி அடுப்பை மூட்டுகிறாள். கிறிஸ்பின் வரவேயில்லை.

மறுநாள் காலை கூடையில் கீரையும் காய்களும் எடுத்துக்கொண்டு சாமியார் வீட்டுச் சமையலறைக்குப் போய் மகனைப் பற்றிக் கேட்கிறாள். உன் பிள்ளைகள் திருடர்கள் என்று விரட்டிவிடுகிறார்கள். திரும்பி வந்தால் குடிசையிலிருந்து இரண்டு காவலர்கள் வெளியே வருகிறார்கள். அவள் வளர்த்துவந்த கோழிகளில் ஒன்றையும் அவர்கள் பிடித்துக்கொண்டு போகவில்லை என்று பார்த்ததும் அவளுக்கு முதலில் வருவது ஆறுதல். இந்த ஒரு வரிக்காகவே ரிசாலைக் கும்பிடலாம். காவலரைக் கண்டால் ஏழைக்கு முதலில் கோழி நினைவு வருகிறது என்றால், அந்த ஆட்சியைப் பற்றி இனி என்ன விளக்கம் வேண்டும்?

அவர்கள் தேடி வந்தது பிள்ளைகளை. பிள்ளைகள் இல்லை என்பதால் தாயைப் பிடித்துப் போகிறார்கள். ஊருக்குள் நுழையும்போது, என்னோடு ஒட்டி நடக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி வாருங்கள் என்று கெஞ்சுகிறாள். பூசை முடிந்து ஊரே கோயிலிலிருந்து வெளியே வரும் நேரம். அத்தனை பேர் கண்ணும் அவள் மேல். காவல் கொட்டடியில் இரண்டு மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் துரத்திவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் பசிலியோவின் சட்டைக் கிழிசல், இரத்தக் கறையோடு. சிசாவின் புத்தி பேதலிக்கிறது.

காலம்பாவிலிருந்து சாந்தா குரூஸுக்கு நடந்த அந்தத் தாய் இப்போது நினைவுக்கு வருகிறாரா? ரிசால் தன் தாயின் கதையை அப்படியே எழுதவில்லை. தியோடோரா படித்தவர், வசதியான வீட்டுப் பெண், புத்தி கலங்காமல் மீண்டு வந்தவர். அவர் அனுபவித்த அவமானத்தை மட்டும் எடுத்து, காப்பாற்ற யாருமே இல்லாத ஒரு பெண்ணின் மேல் வைத்துப் பார்த்தார் மகன். சொந்தக் குறை ஊர்க்குறை ஆனது அந்த இடத்தில்தான்.

ஆட்சியாளரை மட்டும் அவர் சாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாமியார்களுக்கு விருந்து வைத்தே பிழைக்கும் காபிதான் தியாகோ, முகத்தில் மாவைப் பூசி ஸ்பானியச் சீமாட்டியாக நடிக்கும் டோன்யா விக்டோரினா எல்லாரும் சொந்த ஜனங்கள். சொந்த வீட்டையும் திறந்து காட்டியதால்தான் மற்றதையும் வாசகர் நம்பினார்கள்.

நாவலில் இன்னோர் இடம். பள்ளி ஆசிரியர் ஒருவர் சிரமப்பட்டு ஸ்பானிய மொழி கற்று, அதில் சாமியார் டாமாசோவுக்கு வணக்கம் சொல்கிறார். இரவல் உடை உனக்கு எதற்கு, உன் மொழியிலேயே பேசு என்று சாமியார் ஏளனம் செய்கிறார். சபைத் துறவிகள் மக்களுக்கு ஸ்பானிய மொழியைக் கற்றுத்தராமல் வைத்திருந்தது இப்படித்தான். கவர்னர்கள் வருவார்கள், போவார்கள். ஊர் மொழி தெரிந்த துறவி மட்டும் இடம்பெயராமல் இருப்பார். பாவ சங்கீர்த்தனம், பள்ளிக்கூடம், பல ஊர்களில் நிலம், எல்லாம் அவர் கையில். அந்த இரவல் உடையை எடுத்து உடுத்திக்கொண்டு, முழு நாவலையும் ஸ்பானிய மொழியில் எழுதி, அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குப் பதில் சொன்னார் ரிசால்.

எழுதி முடித்தபோது பெர்லினில் கடுங்குளிர். கையில் காசில்லை, சாப்பாடு சரியில்லை, இருமல். பதிப்பிக்கும் எண்ணத்தையே கைவிட இருந்த நேரத்தில் புலக்கான் மாகாணத்து நண்பர் மாக்சிமோ வியோலா வந்து சேர்ந்து 300 பெசோ கொடுத்தார். அச்சுச் செலவைக் குறைக்க ஓர் அத்தியாயத்தையே வெட்டி எறிந்தார் ரிசால். 1887 மார்ச்சில் 2000 பிரதிகள் வெளிவந்தன.

அதே ஆண்டு அவர் ஊர் திரும்பினார். மணிலா சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகக் குழு புத்தகம் மதத்துக்கு விரோதம் என்றது. தணிக்கை வாரியத்துக்காகப் படித்த துறவி சால்வதோர் ஃபோன்ட் முழுத் தடை வேண்டும் என்றார். கவர்னர் ஜெனரல் தெர்ரேரோ மட்டும் ரிசாலுக்கு ஆபத்து வரலாம் என்று ஹொசே தாவியெல் தெ ஆந்திராதே என்ற ராணுவ அதிகாரியைக் காவலுக்கு அனுப்பினார். காவலுக்கு வந்தவர் நண்பரானார்.

ஹொசே ரோத்ரிகஸ் என்ற துறவி நாவலைத் தாக்கித் தகாலோகு மொழியில் ஒரு சிறு நூல் போட்டார். தலைப்பு 'காயிங்காட் காயோ', அதாவது ஜாக்கிரதையாக இருங்கள். மார்செலோ தெல் பிலார் புனைபெயரில் பதில் நூல் எழுதினார். ஒலியில் சின்ன மாற்றம்தான்: 'காயிகாட் காயோ'. விலாங்கு மீனைப் போல வழுக்கிக்கொண்டு இருங்கள்! ஸ்பானிய மொழி தெரியாத ஜனங்களும் இப்படி அந்த நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பழிவாங்கல் குடும்பத்தின் மேல் விழுந்தது. ரிசாலின் சகோதரி லூசியாவின் கணவர் 1889-இல் காலராவில் இறந்தபோது, கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. இபார்ராவின் அப்பாவுக்கு நாவலில் நடந்ததன் சாயல், அச்சான இரண்டே ஆண்டில் சொந்த வீட்டில். காலம்பா நிலம் முழுவதும் டொமினிக்கன் சபைக்குச் சொந்தம்; குத்தகையை எதிர்த்துக் கேட்ட குடும்பங்களைப் படையை அனுப்பி வெளியேற்றினார் கவர்னர் வெய்லர். ரிசாலின் பெற்றோரும் வீட்டை இழந்தார்கள்.

1891-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இரண்டாவது நாவல் அச்சானது. அதில் காபேசா தாலெஸ் என்ற விவசாயி காடு திருத்திய நிலத்தைத் துறவிகளிடம் பறிகொடுத்து, கடைசியில் கொள்ளைக்காரனாகிறான். இபார்ரா இப்போது சிமூன் என்ற வைர வியாபாரியாக மாறுவேடத்தில், விளக்குக்குள் வெடிமருந்து வைத்துக்கொண்டு திரும்பி வருகிறான். இதில் கோபம் அதிகம். சிசா போன்ற ஒருத்தி இல்லை. புத்தகத்தை ரிசால் கோமெஸ், புர்கோஸ், சமோரா மூவருக்கும் காணிக்கையாக்கினார். தலைப்பு 'எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ'. அப்பா தடைசெய்த சொல் அட்டையில் வந்து உட்கார்ந்தது.

1892-இல் மணிலாவுக்குத் திரும்பிய அவரைப் பிடித்து மின்டனாவோ தீவின் டாபிடானுக்கு நாடு கடத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் புரட்சி வெடித்தது. அது காலத்துக்கு முந்தியது என்று கருதியவரையே அதற்குப் பொறுப்பாக்கி ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவருக்காக வாதாடிய லூயிஸ், முன்பு காவலுக்கு வந்த அந்த ஆந்திராதேயின் சகோதரர். 1896 டிசம்பர் 30 காலை, அதே பகும்பாயன் திடலில், துரோகிக்குச் செய்வதுபோல் முதுகில் சுட்டார்கள்.

ரிசால் நாடு கடத்தப்பட்ட அதே 1892 ஜூலையில், மணிலாவின் தோந்தோ பகுதியில் அவர் நாவல்களைப் படித்திருந்த ஆந்திரெஸ் போனிபாசியோ என்ற தொழிலாளி சில நண்பர்களோடு கதிபுனான் என்ற ரகசியச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அதில் மூன்று படிநிலைகள். ஒருவரையொருவர் அடையாளம் காண ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசியச் சொல். நடுப்படியில் இருந்தவர்கள் சொன்ன சொல், கோமெஸ், புர்கோஸ், சமோரா மூவரையும் இணைத்த 'கோம்புர்சா'. மேல்படியில் இருந்தவர்கள் இருட்டில் குரலைத் தாழ்த்திச் சொன்ன சொல் 'ரிசால்'.