கோடிக்கரையின் கொள்ளிவாய்ப் பேய்கள்

'வேதாரண்யம் விளக்கழகு' என்பது சோழநாட்டு முதுமொழி. திருவாரூருக்குத் தேர், மன்னார்குடிக்கு மதில் என்று ஊருக்கோர் அழகு வகுத்த முன்னோர், இக்கடற்கரை ஊருக்கு விளக்கை ஒதுக்கினர். அணையவிருந்த கோயில் விளக்கின் திரியைத் தன்னையறியாமல் தூண்டிவிட்ட எலியொன்று மறுபிறப்பில் மாவலி மன்னனாயிற்று என்பது அவ்வூர்ப் பழங்கதை. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சென்றால் வேறொரு விளக்கின் கதை காத்திருக்கிறது. கோடிக்கரைச் சதுப்பில், நள்ளிருளில், தரையிலிருந்து குப்பென எழுந்து சற்றே அசைந்து மறைந்துபோகும் நெருப்பு அது. கொள்ளிவாய்ப் பேய் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர்.

அவ்விடம் அச்சம் தருவது என்பது நேற்று எழுந்த பேச்சன்று. எட்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சுந்தரர், கோடிக்கரைக் குழகர் கோயிலுக்கு வந்தபோது அவர் மனத்தை முதலில் தாக்கியது அதன் தனிமை. கடற்காற்று மோதும் கரையில், பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் காட்டில், துணைவி அஞ்சும்படியாக ஏன் தனித்து உறைகின்றீர் என்று இறைவனையே அவர் வினவுகிறார். பக்திப் பாடல்களில் இத்தகைய கவலையைக் காண்பது அரிது. பாடியவர் தாமே அங்கு ஓரிரவு நடுங்கியிருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையில் கல்கி இந்தச் சதுப்பையும் கலங்கரை விளக்கத்தையும் கொள்ளிவாய்ப் பேய்களையும் தமிழ்நாடெங்கும் அறியச் செய்தார். எரிந்து அவியும் அந்நெருப்புகளைத் தன் காதலர் என்று கூறிக்கொள்ளும் பூங்குழலியை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். கதையில் வரும் கலங்கரை விளக்கத்தை நினைவூட்டிக்கொண்டு, சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கட்டடம் ஒன்று கோடிக்கரையில் சிதைந்த நிலையில் நின்றது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை அதையும் கொண்டுபோயிற்று. மாலுமிக்கு வழிகாட்டிய விளக்கு வீழ்ந்தது. வழி தவறச் செய்யும் என்று அஞ்சப்பட்ட விளக்கின் கதையோ இன்னும் வாழ்கிறது.

அறிவியல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. வேதாரண்யத்துப் பெருஞ்சதுப்பு, பாக் நீரிணையை ஒட்டி ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. காற்றுப் புகாத சேற்றில் இலைதழைகள் அழுகும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது. இவ்வாயுவை 1776-இல் இத்தாலி நாட்டு மஜ்ஜோரே ஏரிக்கரையின் சேற்றிலிருந்து சேகரித்து ஆராய்ந்தவர் அலெசாந்திரோ வோல்ட்டா. அது தானாகத் தீப்பற்றுவது எங்ஙனம் என்பதில் மட்டும் ஆய்வாளர் இன்னும் ஒருமனப்படவில்லை. பாஸ்பரஸ் கலந்த வாயுக்கள் காரணமாகலாம் என்பர் சிலர். ஆனால் வாயு நெருப்பைத்தான் விளக்குகிறது. அந்த நெருப்பில் மக்கள் ஏன் ஒரு வாயைக் கண்டனர், ஏன் இறந்தவரைக் கண்டனர் என்னும் வினாவுக்கு வரலாற்றிடம்தான் செல்ல வேண்டும்.

நம் கிராமங்களில் யார் யார் பேயாவர் என்று கேட்டுப் பாருங்கள். நீரில் மூழ்கியோர், தூக்கிட்டுக்கொண்டோர், பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண்கள், மணமாகாமல் இறந்த கன்னியர் என்று பெரியோர் அடுக்குவர். நிறைவயதில், மக்களும் பேரர்களும் சூழக் கண்மூடிய எவரும் அப்பட்டியலில் இரார். வாழ்வு பாதியில் முறிந்தவர்களும், முறையான அழுகையும் அடக்கமும் கிட்டாதவர்களுமே அங்கு இடம்பெறுகின்றனர். கடற்கரையிலோ அத்தகையோர் மிகுதி. கடல் தான் கொண்ட உடலைத் திருப்பித் தருவது உறுதியன்று. நாகைக் கரையைப் பெரும்புயல்கள் 1952 நவம்பர் 30-இலும், 1977 நவம்பர் 12-இலும் தாக்கின. 2018 நவம்பர் 16-இன் கஜா, வேதாரண்யத்தை ஒட்டியே கரை கடந்தது. இறந்தோரை நினைவுகூர்வதற்கென நாம் ஒதுக்கிய நவம்பர் மாதத்திலேயே இம்மூன்றும் வந்தன என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியச் சிற்றூர்கள் பலவற்றில் சதுப்பு நெருப்பு, திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளின் ஆன்மா என்று கூறப்பட்டது. அயர்லாந்தில் அக்குழந்தைகளுக்கு மந்திரித்த கல்லறையில் இடமில்லை. ஊர் எல்லையிலோ பாழடைந்த கோட்டையடியிலோ 'கில்லீன்' எனப்பட்ட தனிநிலங்களில், பெரும்பாலும் இரவில், அவர்களைப் புதைத்தனர். அந்நிலங்களே பின்னர் பேயுலவும் இடங்களாயின. தாய் அழுவதற்கு ஒரு கல்லறையில்லாத இடத்தில் அச்சம் வந்து குடியேறியது.

இதில் நமக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மனமறிந்து தற்கொலை செய்துகொண்டோருக்கு 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு திருச்சபை அடக்கத்தை மறுத்தது. கல்லறைச் சுவருக்கு வெளியே கிடந்த மேட்டைச் சுட்டிச் சிறுவரை அச்சுறுத்தியவர்கள், அந்தச் சுவரை எழுப்பியவர் யாரென்று கேட்கவில்லை. 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அவ்விலக்கு இடம்பெறவில்லை. கடும் உளத்துயர் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்தம் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கையிழக்கலாகாது என்றும் 1992-இன் மறைக்கல்வி கூறுகிறது. திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகளின் மீட்பை எதிர்நோக்கத் தக்க காரணங்கள் உண்டு என்று, அனைத்துலக இறையியல் ஆணையம் 2007-இல் வெளியிட்ட ஆவணம் எடுத்துரைத்தது. சதுப்பு நெருப்பைப் பற்றி அவ்வாவணத்தில் ஒரு சொல்லும் இராது. ஆயினும் பழைய கதையின் வேரை அது தொட்டது.

கோடிக்கரைக்குத் தெற்கே, பாக் நீரிணையின் மறுமுனையில், தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவின் புயலில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு தொடர்வண்டியொன்று அங்கே கடலுக்குள் போயிற்று. ஊர் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. கூரையிழந்த கோவிலின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. சுற்றுலா வருவோர் அதைப் 'பேய் நகரம்' என்று அழைத்து மகிழ்வதை என்னால் ஏற்க இயலவில்லை. அங்கே மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அக்கரையில் மீன்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் நூற்றுக்கணக்கானோரைப் பொதுக்குழிகளில் அடக்கம் செய்ய நேர்ந்தது. அவர்களுள் பலரின் பெயர் எவருக்கும் தெரியாது. 2011 மார்ச் 11-இல் ஜப்பானைத் தாக்கிய பேரலைக்குப் பின், இஷினோமாக்கி நகர வாடகைக்கார் ஓட்டுநர்கள் சிலர், ஏறிய பயணி இறங்காமலே மறைந்துவிட்டதாகக் கூறினர். அவர்களிடம் சென்று கேட்டறிந்து எழுதியவர் தொஹோகு காகுயின் பல்கலைக்கழக மாணவி ஒருவர். ஓட்டுநர்களிடம் அவர் கண்டது அச்சத்தைவிட மரியாதையையே. மீண்டும் வந்தால் மீண்டும் ஏற்றிச் செல்வேன் என்றாராம் ஒருவர்.

நம் காவிரி நாட்டிலும் அத்தகைய மரியாதைக்கு ஒரு வடிவம் உண்டு. கருவுற்ற நிலையில் ஒரு பெண் மாண்டால், இறக்கி வைக்காத பாரத்தோடு அவள் அலைவாள் என்று அஞ்சினர். அவள் நினைவாக வழியோரத்தில் இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினர். தலைச்சுமையோடு நெடுந்தொலைவு நடப்பவர் பிறர் கைகொடாமலே சுமையை இறக்கி வைக்கவும், மூச்சு வாங்கியபின் மீண்டும் தலைக்கேற்றவும் ஏற்ற உயரம் அது. ஒவ்வொரு சுமை இறங்கும்போதும் அவள் பாரமும் சிறிது இறங்கும் என்பது நம்பிக்கை. பேய்க்கதையாக முடிந்திருக்கக்கூடிய ஒரு மரணம் வழிப்போக்கருக்கு இளைப்பாறுதலாயிற்று. சுமைதாங்கி என்று அதற்குப் பெயர். தலைச்சுமையாக நடப்போர் இன்று அரிது. சாலைகள் அகலமாகும்போது இக்கற்கள் பெயர்க்கப்படுகின்றன. எஞ்சியிருக்கும் சிலவற்றில், யாருடைய நினைவாக அவை நாட்டப்பட்டன என்னும் எழுத்துகளை இன்னும் விரலால் தடவிப் படிக்கலாம்.