வால்வு ஆம்பிளிஃபையர் சிவந்து எரிகிறதா? வால்வை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

லெம்பா பெர்த்தாம் – கேமரன் மலையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் மூடுபனிக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. பழைய வானொலிப் பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே வால்வு ஆம்பிளிஃபையர் செய்பவர்களுக்கு இந்த ஈரம் ஒரு தொல்லை. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டியில் திடீரென ஒரு வால்வு மட்டும் செக்கச் சிவந்துவிடும். புதியதை வாங்கிப் பொருத்தினால் அதுவும் சிவக்கும். பல வேளைகளில் கோளாறு வால்வில் இல்லை. அதற்கு முன்னால் உள்ள சிறிய கெப்பாசிட்டரில் இருக்கிறது.

எந்த வெளிச்சம் இயல்பானது?

• நடுவே ஆரஞ்சு வெளிச்சம்: ஹீட்டர் எரிகிறது. இயல்பு.

• கண்ணாடியின் உட்புறத்தில் நீலம்: எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது. பயமில்லை.

• உலோகப் பாகங்களுக்கு இடையே ஊதா அல்லது இளஞ்சிவப்பு: உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. வால்வை மாற்ற வேண்டும்.

• கண்ணாடியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்தல்: காற்று புகுந்துவிட்டது. வால்வு பயன்படாது.

• வெளியே தெரியும் தகடு சிவத்தல்: அளவுக்கு மீறிய மின்னோட்டம். உடனே அணைக்க வேண்டும். தாமதித்தால் மின்மாற்றியும் எரியலாம்.

• தகடு கறுப்பாகவே இருந்து, உள்ளே மெல்லிய கம்பி மட்டும் சிவத்தல்: தகட்டுக்கு மின்சாரம் வரவில்லை. ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்மாற்றியின் சுருள் அறுந்திருக்கலாம்.

தகடு ஏன் சிவக்கிறது?

வால்வினுள் இருக்கும் கிரிட், கேத்தோடைவிடச் சில வோல்ட் தாழ்ந்து இருந்தால்தான் மின்னோட்டம் கட்டுக்குள் நிற்கும். முந்தைய வால்விலிருந்து ஒலியைக் கிரிட்டுக்குக் கொண்டுவருவது ஒரு கெப்பாசிட்டர். பழைய காகிதக் கெப்பாசிட்டர் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கினால், உயர் மின்னழுத்தமும் கிரிட்டுக்கு வந்துவிடும். கட்டு அவிழ்ந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு

இந்தப் பெட்டிகளுக்குள் 250 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும், உயிரைப் பறிக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கம்பிகளால் இணைத்து அதை இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளப்பதானால் ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்ற வேண்டாம்.

சோதிக்கும் முறை

1. ஒரே வகை வால்வு இரண்டு இருந்தால், அணைத்து ஆறவிட்டு இடம் மாற்றுங்கள். சிவப்பு வால்வோடு சென்றால் வால்வில் கோளாறு. பழைய சாக்கெட்டிலேயே நின்றால் சர்க்யூட்டில் கோளாறு.

2. கேத்தோடு ரெசிஸ்டர் உள்ள ஆம்பிளிஃபையர் என்றால், சிவந்த வால்வைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் கிரிட் முனையை அளந்து பாருங்கள். சுழியம் வர வேண்டும். ஒருசில வோல்ட் பாசிட்டிவ் காட்டினாலும் கெப்பாசிட்டர் கசிகிறது. வால்வு இல்லாதபோது மின்னழுத்தம் ஏறும் என்பதால் அளந்ததும் அணைத்துவிடுங்கள். தனி நெகட்டிவ் சப்ளை உள்ள வகை என்றால், கிரிட்டில் அந்த நெகட்டிவ் வோல்ட் குறையாமல் வந்து சேர வேண்டும்.

3. கிரிட் சரியாக இருந்தால், கேத்தோடு ரெசிஸ்டரையும் அதோடு இணைந்த கெப்பாசிட்டரையும் பாருங்கள். அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தாலும் தகடு சிவக்கும்.

4. பழுது நீக்கியபின் கேத்தோடு வோல்ட்டை ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்து மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். இஎல்84 வால்வுக்கு 250 வோல்ட்டில், 135 ஓம் ரெசிஸ்டரில் சுமார் 7.3 வோல்ட் வரும். அதாவது 54 மில்லிஆம்பியர். அதன் தகடு தாங்கும் எல்லை 12 வாட். இந்த அளவே அந்த எல்லைக்கு அருகில்தான்.

காகிதக் கெப்பாசிட்டர்கள் இருந்தால், கசிவு தெரியும்வரை காத்திராமல் 630 வோல்ட் தாங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. பல மாதம் மூடிக் கிடந்த பெட்டியை முதன்முறை இயக்கும்போது, சில நிமிடங்கள் விளக்கை அணைத்துவிட்டு அருகிலேயே இருந்து தகட்டைக் கவனியுங்கள். மங்கலான சிவப்பு இருட்டில்தான் முதலில் தெரியும். உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்து பழகாதவர்கள், பெட்டியைத் திறக்காமல் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே சரி.