கல்லாவுக்கு மேல இருந்த போர்டு

இந்த எபிசோட் ஒரு மைக்ரோவேவ்ல இருந்து ஆரம்பிக்குது.

என் முதல் வேலையில, ஆபீஸ் பேன்ட்ரியில ரெண்டு மைக்ரோவேவ் இருந்துச்சு. ஒண்ணு மேல பச்சை ஸ்டிக்கர்: ‘வெஜ் மட்டும்’. கவனிக்காம அதுல மீன் குழம்பைச் சூடு பண்ணிட்டேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் மெயில். என் பேர் இல்ல, ஆனா யாருன்னு ஃப்ளோர் முழுக்கத் தெரியும்.

வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட புலம்பினேன். அவர் 1950கள்ல பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கம்பெனியில ஆபீஸ் பையன். சிரிச்சுட்டு, “உன்னை உள்ள உட்கார்ந்துதானடா சாப்பிட விட்டாங்க?”ன்னு கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வெச்சுது.

பாரிஸ் கார்னர்தான் அன்னைக்கு நம்ம ஓ.எம்.ஆர். துறைமுகம், பேங்க், ஏற்றுமதி கம்பெனிகள், 1892ல கட்டி முடிச்ச ஹைகோர்ட், எல்லாம் நடந்து போற தூரம். 1931ல பீச் – தாம்பரம் மின்சார ரயிலும் வந்துடுச்சு. காலையில கிளம்புற குமாஸ்தா இருட்டினப்புறம்தான் வீடு திரும்புவார். நடுவுல பசிக்கும். இன்னைக்கு இது ஒரு பிரச்சினையே இல்ல. அன்னைக்குப் பெரிய பிரச்சினை, ஏன்னா ‘யார் சமைச்சது?’ங்கிற கேள்வி பசிக்கு முன்னாடி வந்து நிக்கும்.

ஹோட்டல்காரங்க கண்டுபிடிச்ச தீர்வு, சமைக்கிறவரோட சாதியையே விளம்பரமா மாத்தினது. பிராமணர் சமைச்சா எந்தச் சாதிக்காரரும் சாப்பிடலாம்ங்கிறது அந்தக் கால வழக்கம். அதனால ‘பிராமணாள் ஹோட்டல்’ங்கிற போர்டு, வியாபாரக் கணக்குல பார்த்தா, ஒரு தரச் சான்றிதழ். உடுப்பி ஹோட்டல்கள் இங்க பரவினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். சமையல்கட்டு எடுபிடியா இருந்து வளர்ந்த கே. கிருஷ்ணராவ், ஜார்ஜ் டவுன், மவுண்ட் ரோடுன்னு ஹோட்டல் நடத்திட்டு, 1938ல ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஆரம்பிச்சார். அவர் உழைப்பைக் குறைச்சுச் சொல்லல. சாம்பாரும் நல்லா இருந்திருக்கும்!

ஆனா அந்தச் சான்றிதழுக்கு ஒரு விலை இருந்துச்சு. அதைக் கொடுத்தது வேற ஆளுங்க. பல இடங்கள்ல பிராமணர்களுக்குத் தனி இடம், மத்தவங்களுக்குத் தனி இடம். தலித்துகளுக்குப் பெரும்பாலும் உள்ள இடமே கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்கள்லயும் இதே பிரிவினைதான். பெரியாரும் நீதிக்கட்சியும் விடாம எதிர்த்த பிறகுதான், 1941ல ரயில்வே அதைக் கைவிட்டுச்சு.

இதுல மாட்டாத இன்னொரு உலகமும் இருந்துச்சு: மிலிட்டரி ஹோட்டல், முஸ்லிம் ஹோட்டல். 1951ல மவுண்ட் ரோட்டுல ஏ.எம். புகாரி ஆரம்பிச்ச ஹோட்டல் இன்னும் இருக்கு. சிக்கன் 65 அங்கதான் பிறந்துச்சுன்னு அவங்க சொல்றாங்க, அந்தச் சண்டைக்குத் தனி எபிசோட் வேணும்.

1950ல அரசியலமைப்பு வந்துச்சு. அதுல 15ஆவது பிரிவு உணவகங்களைப் பேர் சொல்லியே குறிப்பிடுது: சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. சட்டப்படி கதவு திறந்தாச்சு, ஆனா போர்டு அங்கேயே தொங்குச்சு. 1957ல பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசல்ல மறியலைத் தொடங்கினார். கேட்டது ஒண்ணே ஒண்ணு: பேர்ல இருக்கிற ‘பிராமணாள்’ போகணும். மாசக்கணக்கா, நாள்தோறும் ஆளுங்க போய்க் கைதானாங்க. 1958ல அந்த வார்த்தை போயிடுச்சு.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவான்னு முதல்ல எனக்கும் தோணுச்சு. தாத்தாகிட்ட கேட்டேன். தினமும் மூணு மணிக்கு ஆபீசருக்குக் கூஜாவுல காபி வாங்க ஒரு ஹோட்டலுக்குப் போவாராம். உள்ள போகக் கூடாதுன்னு யாரும் அவர்கிட்ட சொன்னதே இல்லையாம். “கல்லாவுக்கு மேல எழுதியிருக்குமே, அப்புறம் எதுக்குச் சொல்லணும்?”னார்.

போன மாசம் அவரை அந்தத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போனேன். பழைய ஹோட்டல் இருந்த இடத்துல இப்போ செல்போன் கவர் கடை. பக்கத்துல ஒரு டிஃபன் கடையில உட்கார்ந்தோம். டபராவுல காபி வந்துச்சு. தாத்தா ஒரு வாய் குடிச்சுட்டு, “சக்கரை ஜாஸ்தி”ன்னார்.