மிக்-21இன் வால் நெருப்பு

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ராத்திரி வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். திருவொற்றியூர் தாண்டும்போது மணலி ரிஃபைனரி பக்கம் வானம் சிவந்து கிடக்கும். (2018 வரை மணலியும் எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான்!) அதே நெருப்பை மத்தியானம் பாருங்கள், குழாய் உச்சியில் காற்று நடுங்குகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நெருப்பு மாறவில்லை, பின்னால் இருக்கிற வானம்தான் மாறியிருக்கிறது.

போர் விமான சிமுலேட்டர் ஆடும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அங்கே உச்சி வெயிலிலும் விமானத்தின் வாலில் ஆரஞ்சு தீப்பந்தம் எரியும்!

ஆஃப்டர்பர்னர் என்பது பெரிய மந்திரம் இல்லை. ஜெட் எஞ்சினில் எரிந்து வெளியேறும் வாயுவில் இன்னும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அதில் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்தினால் கூடுதல் உந்துதல் கிடைக்கும், எரிபொருளும் தண்ணீராகச் செலவாகும். வேடிக்கை என்னவென்றால், விமானி தன் நெருப்பைப் பார்ப்பதே இல்லை. முதுகில் ஒரு தள்ளு, மீட்டரில் ஒரு அசைவு. கேமராவை வெளியே வைத்துப் பார்க்கிற நமக்காகத்தான் அந்தத் தீயை வரைகிறார்கள்.

1995இல் 'சு-27 ஃப்ளாங்கர்', 1998இல் 'ஃபால்கன் 4.0', 2003இல் 'லாக் ஆன்' வந்தன. அந்தக் காலத் திரையில் ஒரு நிறத்தின் உச்ச அளவு 255. பகல் வானமே அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதைவிடப் பிரகாசமாக நெருப்பைக் காட்ட இடமில்லை. அதனால் கண்ணில் படுகிற மாதிரி ஆரஞ்சைப் பூசினார்கள். பார்த்து வரைய என்ன இருந்தது? பெரும்பாலும் புகைப்படம். இருட்டில் கேமரா கொஞ்சம் அதிக நேரம் திறந்திருந்தால் தீ நீண்டு, கொழுத்து விழும். ராத்திரிப் படத்தைப் பார்த்து வரைந்த தீயைப் பகலிலும் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அசலைப் பார்க்க வாய்ப்பும் குறைவு. பக்கத்தில் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளம் இருக்கிறது, ஆனால் அங்கே உள்ள பி-8ஐ விமானத்துக்கு ஆஃப்டர்பர்னர் கிடையாது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினா விமான சாகசத்துக்குப் போனேன். வெயிலிலும் கூட்டத்திலும் ஐந்து பேர் இறந்துபோன அதே நாள். சுகோய் தலைக்கு மேல் போனபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, ஆனால் நெருப்பு என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

சுகோயை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், தஞ்சாவூரில் 2020 முதல் ஒரு படைப்பிரிவே இருக்கிறது. மிக்-21 கதை வேறு. 1963இல் இந்தியா வந்தது, நம் விமானப்படையின் முதல் சூப்பர்சானிக் விமானம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. 62 வருஷம்! இந்திய வானில் அந்தத் தீ இனி எரியாது. ஆர்வமுள்ள பையன் ஒருவன் அதைப் பார்க்க வேண்டுமானால் பழைய வீடியோ, இல்லையென்றால் 2014இல் டிசிஎஸ் சிமுலேட்டருக்கு வந்த மிக்-21பிஸ்.

அந்த ரகத்தின் ஆர்-25 எஞ்சினில் ஒரு விசேஷம். சாதாரண ஆஃப்டர்பர்னரில் சுமார் 7,100 கிலோ உந்துவிசை. தாழ்வாக, வேகமாகப் பறக்கும்போது அவசரத்துக்கு இன்னொரு நிலை உண்டு, அதில் சுமார் 9,900 கிலோ. அதுவும் மூன்று நிமிஷம் வரைதான். சிமுலேட்டரில் இதற்கான சுவிட்சைக்கூட வைத்திருக்கிறார்கள். சுவிட்ச் எங்கே இருக்கிறது, என்ன செய்யும் என்பதெல்லாம் கையேட்டில் அச்சாகியிருக்கிறது. தீ என்ன நிறம் என்று எந்தக் கையேடு சொல்லும்? அது ஓடுபாதை ஓரம் நின்றவர்களின் கண்ணில்தான் இருக்கிறது. முக்கியமாக டெக்னீஷியன்கள். எஞ்சினைத் தரையில் ஓட்டிச் சோதிக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள்.

ஆவடி, தாம்பரம் பக்கம் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் மிக்-21இல் வேலை பார்த்த தாத்தா, மாமா யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள் நண்பர்களே. பகலில் என்ன நிறம், ராத்திரியில் என்ன நிறம், வாலிலிருந்து எவ்வளவு நீளம். தீக்குள் வரிசையாக வைரம் வைரமாகத் தெரியுமே, அதை எண்ணிப் பார்த்தாரா என்றும் மறக்காமல் கேளுங்கள் :-)