கெர்கெலன் கடலில் களவும் காவலும்

இந்துமகா சமுத்திரத்தின் தென்கோடியில், ரியூனியன் தீவிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஓயாத மேற்குக் காற்றுக்கும் மேகத்துக்கும் உறைவிடமாய்க் கிடக்கிற கெர்கெலன் தீவுகளை 1772-இல் கண்ட பிரெஞ்சு மாலுமி கெர்கெலன், அவற்றை வளம் கொழிக்கும் ஒரு தென்கண்டத்தின் பாகமென்று தம் அரசனிடம் வர்ணித்தார். மறு பிரயாணத்தில் அந்த வர்ணனை பொய்த்தது. திரும்பி வந்தவர் விசாரணைக்குள்ளாகிச் சிறையும் புகுந்தார். செல்வம் அங்கே இல்லாமலில்லை. அவர் கனவிலும் கருதாத இடத்தில், நீருக்கடியில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இருந்தது.

1978-இல் பிரான்சு தீவுகளைச் சுற்றி 200 கடல் மைலைத் தன் பிரத்தியேக உரிமைப் பரப்பாகப் பிரகடனம் செய்தது. 1980-களின் நடுவில் சோவியத் இழுவைக் கப்பல்கள் அங்கே பட்டகோனியப் பல்மீனை மிகுதியாகக் கண்டன. இரண்டு மீட்டருக்கும் மேல் நீளக்கூடியதும், ஐம்பது ஆண்டுவரை வாழக்கூடியதும், தாமதித்தே இனவிருத்தி செய்வதுமான அம்மீனின் கொழுத்த வெண்சதைக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெருவிலை கிடைக்கவே, 1990-களின் பிற்பாதியில், அந்நியக் கொடிகளின் நிழலில் ஒதுங்கிய கள்ளக் கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டில்களோடு வந்து குவிந்தன. இரையைக் கொத்தப் பாய்ந்த கடற்பறவைகளும் தூண்டிலில் சிக்கி மூழ்கி மடிந்தன.

ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நீர்ப்பரப்பை ஓரிரு ரோந்துக் கப்பல்கள் காப்பது எவ்வளவு பிரயாசையானது என்பதற்கு அண்டையிலுள்ள ஹெர்டு தீவின் கதையே போதும். 2003 ஆகஸ்டில் அங்கே தென்பட்ட ‘வியார்சா 1’ என்னும் உருகுவேக் கொடிக் கப்பலை ஆஸ்திரேலிய ரோந்துக் கப்பல் 21 நாள், சுமார் 3,900 கடல் மைல் துரத்தி, தென் அட்லாண்டிக்கில், பிற தேசக் கப்பல்களின் துணையோடு பிடித்தது. ஆயினும் 2005-இல் பெர்த் நகரத்து ஜூரிகள் குற்றஞ்சாட்டப்பட்ட மாலுமிகளை விடுவித்தார்கள். கப்பலைப் பிடிப்பது வேறு, எந்த நீரில் மீன் பிடித்தது என்று நிரூபிப்பது வேறு அல்லவா?

வானத்திலிருந்து வந்த முதல் உதவி, உண்மையைச் சொன்னால், யோக்கியர்களுக்கே விதித்த கட்டுப்பாடு. தென்கடல் உயிர்வளத்தைப் பேணும் சர்வதேச ஆணையம் 1998-இல், தன் உறுப்பு நாடுகளின் கப்பல்கள் தாம் இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே தாமே அறிவிக்கும் யந்திரத்தைச் சுமக்க வேண்டுமென விதித்தது. உரிமம் பெற்றவன் அதை ஏற்றுக்கொண்டான். களவுக்கு வந்தவனிடம் அப்பெட்டியே இல்லை, இருந்தாலும் அணைத்துவிடுவான். திருடனைத் தன் வரவைத் தானே அறிவிக்கச் சொல்லும் ஏற்பாடு எத்தனை நாள் செல்லும்?

ஆகவே 2004-இல் பிரெஞ்சு அரசு வேறோர் உபாயத்தைக் கைக்கொண்டது. சாதாரணப் புகைப்படக் கண்ணுக்கு அந்த மேகமும் இரவும் திரையாகும். தானே நுண்ணலைகளை வீசி எதிரொளியைப் பெறும் ரேடார் செயற்கைக்கோளுக்கு அவை திரையல்ல. கனடாவின் ‘ராடார்சாட்’, ஐரோப்பாவின் ‘என்விசாட்’ ஆகியவற்றின் படங்களை வாங்கும் நிலையம் கெர்கெலனிலேயே அமைந்தது. கருங்கடற்பரப்பில் பளிச்சிடும் எஃகுப் புள்ளிகளை, அறிவித்துக்கொண்ட கப்பல்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாத புள்ளியைச் சந்தேகிப்பதே முறை. அவ்வாண்டே அக்கடலில் சிக்கிய ‘அபாச்சே’ என்ற கள்ளக் கப்பல் பறிமுதலாகி, பிற்காலத்தில் ‘லெ மாலென்’ என்ற பெயரோடு பிரெஞ்சுக் கடற்படையிலேயே ரோந்து செய்தது. களவுக்குப் போன கலம் காவலுக்கு வந்ததில் எனக்கு ஒரு சிறு திருப்தி உண்டு.

செயற்கைக்கோளோ எப்போதாவதுதான் தலைக்கு மேல் கடக்கிறது. கப்பலைப் பின்தொடர்வதைத் தன் இயல்பாகவே கொண்ட ஆல்பட்ராஸ் பறவையை நினைத்தார் ஆன்றி வைமர்ஸ்கிர்ஷ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 2018-19-இல் 169 பறவைகளின் முதுகில், கப்பல் ரேடாரின் அலையை உணர்ந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி விடும் சிறு கருவி ஏறிற்று. பன்னாட்டுக் கடலில் அவை கண்ட கப்பல்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் தம் இருப்பை ஒலிபரப்பவில்லை. அவையனைத்தும் கள்ளக் கப்பல்களென்று கொள்வது நியாயமாகாது. பழுதும் உண்டு, விதிக்கு உட்படாத கலமும் உண்டு. எதுவென்று தெரிந்துகொள்ள, ரியூனியனிலிருந்து பல நாள் பிரயாணம் செய்து, ஒரு கப்பல்தான் இன்னும் போயாக வேண்டியிருக்கிறது.