கலஹா மலையின் மறைந்த வனம்

பேராதனையில் கலஹாச் சந்தி என்று ஒரு சந்தி உண்டு. அங்கே பஸ் ஏறி, ஹிந்தகலையைக் கடந்து கலஹாவை அடையும்வரை யன்னலோரம் இருப்பவருக்கு எங்கும் பச்சையே தெரியும். தேயிலையும், அதனூடே நெட்டையாய் நிற்கும் சபுக்கு மரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். இதுவே மலையகத்தின் ஆதி அழகு என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் தேயிலை இம்மண்ணில் பிறந்ததன்று. சபுக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அவ்வாறாயின் இம்மலைக்கு உரிய மரங்கள் எங்கே போயின?

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த வேளையில் பள்ளத்தாக்குகளில் ஊரும் வயலும் இருந்தன. மேலே மலைகளை அடர்வனம் போர்த்தியிருந்தது. நாகம், கீன, தூன என நீளும் மத்திய மலைநாட்டு மரவரிசையில் தூன இனம் இலங்கைக்கு மட்டுமே உரியது.

இவ்வனத்தின் மீது விழுந்த முதற் கோடரி ஒரு சட்டம் என்றே சொல்லலாம். உரித்து நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளும் சட்டம் 1840இல் வந்தது. 1844 வரை ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்குக் காடு விற்கப்பட்டது. ஆளுநரும் அரசாங்க உத்தியோகத்தருமே வாங்குவோர் வரிசையில் நின்றனர்.

மரம் வீழ்த்திய முறையை அக்காலத் தோட்டத்துரைமார் எழுதிவைத்துள்ளனர். சரிவின் கீழிருந்து மேலாக மரங்களைப் பாதி வெட்டி நிறுத்துவர். பின்னர் உச்சியிலுள்ள மரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை கீழுள்ளவற்றின் மேல் விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றைச் சாய்க்க, மலைச்சரிவு முழுவதும் ஒரே பேரொலியுடன் சரியும். காய்ந்தபின் தீ மூட்டுவர். அந்தச் சாம்பலில் கோப்பி நட்டனர்.

1878அளவில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பரவியிருந்தது. ஆனால் 1869இலேயே இலைத்துரு நோய் தோன்றிவிட்டது. கோப்பி மடிந்தது, காடு மீளவில்லை. கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, கோப்பி விட்டுச்சென்ற இடத்தைப் பிடித்தது. 1873இல் தாவரவியலறிஞர் ஹூக்கரின் வற்புறுத்தலால் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. கலஹா போன்ற தாழ்ந்த மலைகளுக்கு அந்தக் காப்பு எட்டவில்லை.

"காட்டை அழித்தவர்கள் தோட்டத்து ஆட்கள்" என்றொரு பேச்சு இன்றும் காதில் விழுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மரம் வீழ்த்தும் வேலையைப் பெரும்பாலும் கூலி ஒப்பந்தத்தில் செய்தோர் அயற்கிராமத்துச் சிங்கள மக்கள். தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்த நம் முன்னோர் அந்நிலத்தைத் துப்புரவாக்கினர், நட்டனர், பறித்தனர். வெட்டுமாறு பணித்தவனும் விற்றுப் பணமாக்கியவனும் வேறு. வீழ்ந்த மரத்திலோ எழுந்த தோட்டத்திலோ இவ்விரு சாராருக்கும் பங்கில்லை. கிராமத்தான் காட்டை இழந்தான். நம்மவன் கண்டது லயத்துக் காம்பரா ஒன்றைத்தான்.

இன்னோர் இழப்பும் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். ஆண்டுதோறும் அதை வகுப்பில் பெருமையுடன் கற்பிக்கிறேன். ஒருநாள் மாணவன் ஒருவன், "சேர், நம்ம மலையில உள்ள மரத்தில ஒன்பது பேர் சொல்லுங்க" என்றான். சபுக்கையும் யூகலிப்டசையும் விலக்கி எண்ணத் தொடங்கினேன், ஐந்தோடு நின்றுவிட்டேன். குறிஞ்சியைப் பாடமாக்கிய எனக்கு நான் வாழும் குறிஞ்சி நிலம் தெரியவில்லை.

தலதா மாளிகைக்குப் பின்புறம் உடவத்தைக் காடு இருக்கிறது. 1856இலேயே ஒதுக்கக் காடாக்கப்பட்டதால் கண்டி நகரின் நடுவே அது பிழைத்தது. அடுத்த தவணையில் மாணவரை அங்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். மரங்களின் சிங்களப் பெயர்களை அறிந்த அயலூர்ப் பெரியவர் ஒருவரும் உடன்வர இசைந்துள்ளார். மிகுதி நான்கு பெயரையும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.