வெயிலால் உதடுகளுக்கு ஏற்படும் பாதிப்பு: அறிகுறிகளும் சிகிச்சையும்

கோடைக்காலத்தில் உதடு வறண்டு வெடிப்பது இயல்பு. பெரும்பாலும் அது சில நாட்களில் ஆறிவிடும். ஆனால், பல ஆண்டுகள் வெயிலில் உழைத்த ஒருவரின் கீழுதட்டில் வறட்சியும் செதிலும் வாரக்கணக்கில் நீடித்தால், அதனை ‘உடல் சூடு’ என்று கருதி விட்டுவிடக் கூடாது. அது ‘ஆக்டினிக் கீலைட்டிஸ்’ எனப்படும் வெயில்சார் உதட்டு அழற்சியாக இருக்கலாம். இது புற்றுநோய் அன்று. எனினும், கவனிக்காமல் விட்டால் சிலருக்கு உதட்டுப் புற்றுநோயாக மாறக்கூடிய நிலையாகும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

கீழுதடு அதிகம் பாதிக்கப்படுவது ஏன்?

உதட்டின் சிவந்த பகுதியை மூடியுள்ள மேல்தோல் மிகவும் மெல்லியது. புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மெலனின் என்னும் நிறமியும் அங்குக் குறைவு. கீழுதடு சற்று முன்தள்ளி மேல்நோக்கி அமைந்திருப்பதால் வெயில் அதன்மீது நேராகப் படுகிறது. இதனால் செல்களில் ஏற்படும் சேதம் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வந்து, பெரும்பாலும் நடுத்தர வயதுக்குப் பிறகு வெளிப்படுகிறது.

வெப்பமும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல. வேலூர், மாதனூர், ஆம்பூர் வட்டாரத்தில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேலே நிற்கிறது. ஆகஸ்டில் காற்று வீசி வெப்பம் தணிந்திருந்தாலும் கதிர்வீச்சு குறைவதில்லை. மெல்லிய மேகமும் அதனை முழுமையாகத் தடுப்பதில்லை. எனவே, கத்திரி வெயிலில் மட்டும் பாதுகாப்புத் தேடுவது போதாது.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

• தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் திறந்தவெளியில் தோல் உலர்த்துவோர், விவசாயத் தொழிலாளர்கள், ஆடு மாடு மேய்ப்போர், கட்டட மற்றும் சாலைப் பணியாளர்கள், 100 நாள் வேலைக்குச் செல்வோர்
• பீடி, சிகரெட் புகைப்போர், உதட்டுக்குள் புகையிலை அடக்குவோர்
• உதட்டில் வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள்
• உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர்

இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சில மாத்திரைகள் வெயிலின் தாக்கத்தை அதிகரிக்கக்கூடும். இவற்றை உட்கொள்வோர் தாமாகவே மருந்தை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இந்நோய் வெளிர்நிறத் தோல் உடையோரிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. நம் மக்களின் தோல் நிறம் ஓரளவு காப்பு அளிக்கிறது. ஆயினும் அது முழுமையான காப்பு அன்று.

அறிகுறிகள்

• கீழுதட்டில் நீங்காத வறட்சி. மணற்காகிதம் போன்ற சொரசொரப்பு
• உரிந்தாலும் மீண்டும் மீண்டும் படியும் செதில்
• வெண்ணிற அல்லது செந்நிறத் திட்டுகள்
• உதட்டுக்கும் தோலுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு மங்குதல்
• ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும் வெடிப்பு

பெரும்பாலோருக்கு வலி இருப்பதில்லை. வலி இல்லை என்பதாலேயே சிகிச்சைக்கு வருவது தாமதமாகிறது.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

2 வாரங்களுக்கு மேல் ஆறாத புண், தடிப்பு அல்லது கட்டி, தொட்டால் எளிதில் இரத்தம் கசிதல், உதட்டில் மரத்த உணர்வு, தாடைக்குக் கீழோ கழுத்திலோ நெறிக்கட்டு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இதே போன்று தோன்றும் பிற நோய்கள்

உதட்டில் தோன்றும் எல்லா மாற்றங்களும் வெயிலால் ஏற்படுபவை அல்ல. வாயின் இரு ஓரங்களிலும் வரும் வெடிப்பு, இரும்பு அல்லது பி வைட்டமின் குறைபாட்டாலும் பூஞ்சைத் தொற்றாலும் ஏற்படலாம். பற்பசை, உதட்டுச்சாயம் ஆகியவற்றால் ஒவ்வாமை வரலாம். தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குள் பணிபுரிவோர், வேதிப்பொருள் பட்ட கையுறையுடன் வாயைத் துடைப்பதாலும் எரிச்சல் உண்டாகும். லூபஸ் என்னும் நோயும் உதட்டில் திட்டுகளை ஏற்படுத்தி, வெயிலில் தீவிரமடையும். எனவே, செய்யும் தொழில், உட்கொள்ளும் மருந்துகள், புகையிலைப் பழக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

பரிசோதனை

மருத்துவர் உதட்டைப் பார்த்தும் விரலால் அழுத்தியும் சோதிப்பார். கழுத்தில் நெறிக்கட்டு உள்ளதா எனவும் பார்ப்பார். ஐயம் இருப்பின், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சில மில்லிமீட்டர் அளவு திசுவை எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்புவார். இதுவே திசுப் பரிசோதனை (பயாப்சி). ‘கத்தி பட்டால் நோய் பரவிவிடும்’ என்ற அச்சத்தால் பலர் இதனைத் தவிர்க்கின்றனர். இந்த அச்சத்திற்கு அடிப்படை இல்லை. புற்றுநோய் உள்ளதா, இல்லையா என்பதை உறுதியாக அறிய இந்தப் பரிசோதனை தேவை.

சிகிச்சை

பாதிப்பின் அளவையும் பரிசோதனை முடிவையும் பொறுத்துச் சிகிச்சை தீர்மானிக்கப்படும்.

பூசும் மருந்து: பரவலான பாதிப்புக்கு 5 சதவீத ஃபுளூரோயூராசில் களிம்பு சில வாரங்களுக்குத் தரப்படலாம். இது சேதமடைந்த செல்களை அழிப்பதால் உதடு சிவந்து, எரிந்து, பொருக்குத் தட்டும். இது எதிர்பார்க்கப்படும் விளைவே. மருந்தை முடித்தபின் சில வாரங்களில் ஆறும். கடும் வலியோ வீக்கமோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் இதனைப் பயன்படுத்தக் கூடாது.

உறைய வைத்தல்: ஓரிரு இடங்களில் மட்டும் பாதிப்பு இருந்தால், திரவ நைட்ரஜன் கொண்டு அத்திசுவை உறையச் செய்து நீக்கலாம்.

லேசர் மற்றும் அறுவை சிகிச்சை: பாதிப்பு பரவலாக இருந்தாலோ, செல்களில் தீவிர மாற்றம் தெரிந்தாலோ, சேதமடைந்த மேற்பரப்பு லேசர் மூலமோ அறுவை மூலமோ அகற்றப்படும்.

எந்தச் சிகிச்சை பெற்றாலும் நோய் மீண்டும் வரக்கூடும். ஆகவே, மருத்துவர் குறிப்பிடும் இடைவெளியில் தொடர்ந்து பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

தடுப்பு முறைகள்

• இயன்றவரை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நேரடி வெயிலைத் தவிர்க்கவும்.
• முண்டாசு தலையை மட்டுமே காக்கும். உதட்டில் நிழல் விழாது. அகன்ற விளிம்புள்ள தொப்பி அணியலாம். அல்லது துண்டு, புடவைத் தலைப்பு ஆகியவற்றால் வாயையும் மூடிக்கொள்ளலாம்.
• எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட உதட்டுப் பூச்சை 2 மணி நேரத்திற்கு ஒரு முறையும், உணவு உண்ட பின்னரும் பூசவும்.
• வெண்ணெய், தேங்காய் எண்ணெய், வாசலின் ஆகியவை வறட்சியைத் தணிக்கும், கதிர்வீச்சைத் தடுக்கா.
• உதட்டை நாவால் ஈரப்படுத்துவதையும் செதிலை உரிப்பதையும் தவிர்க்கவும்.
• மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசக் கூடாது. தற்காலிகமாகச் சிவப்பு குறைந்து, நோயைக் கண்டறிவது தாமதமாகும்.
• புகையிலையை எந்த வடிவிலும் கைவிடவும்.

பராமரிப்பவர்கள் கவனத்திற்கு

வீட்டிலுள்ள பெரியவர்கள் தங்கள் உதட்டு மாற்றத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் அவர்களுடைய கீழுதட்டைப் பார்க்கவும். ஐயம் இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்து, 2 வாரங்களுக்குப் பின் ஒப்பிடவும். மாற்றம் ஆறவில்லை என்றால் ஒரு நாள் கூலி போனாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நன்று.

எங்கே அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். தேவைப்பட்டால் அங்கிருந்து ஆம்பூர் அரசு மருத்துவமனைக்கோ, அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய 4 மாவட்டங்களில் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தைத் தொடங்கியது. வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் இதில் அடங்கும். பரிசோதனையின்போது உதட்டில் உள்ள மாற்றத்தையும் சுட்டிக்காட்டவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு இவை மாற்றாகா.